சுயம்புவின் நடுங்கி

மாநிலத்தில் குடியிருக்கும் அனைவருக்கும், பிழைப்பு நிமித்தம் வெளியூர் போய்விட்ட மற்றவர்களுக்கும் மிகுந்த பெருமிதத்துடன் தெரிவிக்கப்படுவது யாதெனில்: மனித இனத்தின் ஆதிப் பகையான பயம், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, உள்விளையாட்டு அரங்கில், பலத்த கைதட்டலுக்கு நடுவே நிரந்தரமாக ஒழித்துக் கட்டப்பட்டது. ஒன்பது மணிக்கே ஒழித்திருக்க முடியும். ராகு காலம் கழியட்டும் என்று வாரியத் தலைவர் சொல்லிவிட்டதால், பயம் இன்னும் ஒன்றரை மணி நேரம் உயிரோடிருக்க நேர்ந்தது.

வாரியம் என்றால் மாநில விளையாட்டு வீரர் மனவமைதி மேம்பாட்டு வாரியம். தலைவர் கனகசபாபதி, ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. மீன்வளம், பட்டு வளர்ச்சி, சிறைச்சாலை என்று வரிசையாக எல்லாவற்றையும் மேம்படுத்தி முடித்தவர். மனம் ஒன்றுதான் அவர் கைபடாமல் மிச்சமிருந்தது.

மேடை நடுவில் சுயம்புலிங்கம் நின்றான். உடன்குடிப் பக்கத்துக் கபடி வீரன். பாடிக்கொண்டு தனி ஆளாக எதிராளி களத்துக்குள் ஏறி, யாரையாவது தொட்டுவிட்டுத் தப்பி வருகிற ரெய்டர். கழுத்தில் கைக்கடிகார வார் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை, அதில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு. தலைவர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு மைக்கில் முழங்கினார்.

"இந்த இளைஞனின் முகத்தைப் பாருங்கள்! இதில் பயம் இருக்கிறதா? பதற்றம் இருக்கிறதா?"

இல்லைதான். இரண்டும் மேடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பெயர் பிரம்மசக்தி. சுயம்புவின் அக்கா.

இந்த ஒழிப்புக்கு முந்தைய கதை அவ்வளவு கம்பீரமானது அல்ல. பயிற்சியில் சுயம்புவை ஏழு பேர் சேர்ந்தும் பிடிக்க முடியாது. விசில் ஊதி, கூட்டம் உட்கார்ந்து, ஆட்டம் என்று ஆகிவிட்டால் அவனை ஒருவனே பிடித்துவிடுவான். தொண்டை வறண்டு 'கபடி' என்ற சொல்லே பாதியில் அறுந்துபோகும். ஆட்டத்துக்கு முன்னால் கழிவறைக்கும் களத்துக்கும் நடந்தே பாதிச் சக்தியைத் தீர்த்துவிடுவான். அவன் பயிற்சியாளர் கிளாட்வின் மாஸ்டர் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார், மூச்சுப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார், ஜெபம் பண்ணிப் பார்த்தார், கடைசியில் அடித்தும் பார்த்தார்.

அப்போதுதான் சென்னையிலிருந்து டாக்டர் நிரஞ்சனா வந்தார். நரம்பியல் படித்தவர். முதலில் மாத்திரை கொடுத்தார். மாத்திரை அபாரமாக வேலை செய்தது. அணியில் ஒரு ரெய்டர் எதிராளி களத்தின் நடுவில் போய் நின்று, "நல்லாருக்கியளா?" என்று விசாரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"இது என்ன மேடம், பயலுவ செத்த மீனு கணக்கா ஆயிட்டானுவ?" என்றார் கிளாட்வின்.

"பயமும் வேகமும் ஒரே குழாயில வருது மாஸ்டர். குழாயை மூடினா ரெண்டும் நின்னுடும்."

"அப்பம் என்ன செய்யச் சொல்லுதிய?"

"மூடக்கூடாது. வேகத்தை அவன்கிட்டயே விட்டுட்டு, பயத்தை மட்டும் வேற பக்கம் திருப்பி விடணும்."

"எங்கன திருப்ப? கடலுக்குள்ளயா?"

"கடல்ல கரையாது. அதை வாங்கிக்க இன்னொரு உடம்பு வேணும். ரெண்டு பேர் கழுத்திலயும் ஆளுக்கொரு பட்டை. கூடப் பிறந்த உடம்பா இருந்தா நரம்பு நல்லாப் பொருந்தும்."

கிளாட்வின் திரும்பி அடுத்த களத்தைப் பார்த்தார். அங்கே பெண்கள் அணி பயிற்சியில் இருந்தது. கால் பிடிக்கிற ஆள் நிற்கும் இடது கார்னரில் இருந்த பிரம்மசக்தி, உள்ளே வந்த ஒருத்தியின் கணுக்காலைப் பாய்ந்து பிடித்து அவளை மண்ணோடு மண்ணாகச் சாய்த்துவிட்டு, முழங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாவட்டத்தில் அவள் பிடித்த கணுக்கால் எதுவும் தப்பியதில்லை. அந்த வருஷம் மாநில அணிக்குத் தேர்வாகப் போகிறாள் என்று பேச்சு. பட்டை கட்டினால் அவள் ஆட முடியாது. இன்னொருவர் பயத்தைச் சுமக்கிற உடம்பு களத்தில் நிற்காது.

"ஒரே ஒரு சீசன்தாம்மா," என்றார் கிளாட்வின்.

"ஒரே ஒரு சீசன்தானக்கா," என்றான் சுயம்பு, கழிவறையிலிருந்து வந்துகொண்டே.

"கழுவிட்டு வந்து பேசுல," என்றாள் பிரம்மசக்தி. அதுதான் சம்மதம்.

வாரியத்தின் கோப்புகளில் அவளுடைய பதவியின் பெயர் 'உணர்வு ஏற்பாளர்'. ஜனங்களுக்கு அவ்வளவு நீளமாகப் பேச நேரமில்லை. நடுங்கி என்றார்கள். கொஞ்ச நாளில் மாநிலத்தில் நிறைய நடுங்கிகள் வந்துவிட்டார்கள். வாலிபால் வீராங்கனை ஒருத்திக்கு அம்மா நடுங்கி. பளு தூக்குபவன் ஒருவனுக்கு இரட்டைப் பிறவித் தம்பி நடுங்கி. தொலைக்காட்சி விவாதத்துக்குப் போன ஒருநாள் தலைவரே ஒரு பட்டை கட்டிக்கொண்டார் என்றும், அவர் தம்பி அன்றைக்கு முழுக்கக் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை என்றும் வாரிய அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இடம் மாற்றப்பட்டார்கள்.

முதல் பயிற்சி ஆட்டத்திலேயே ஒன்று நடந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பிரம்மசக்தியை உட்கார வைத்திருந்தார்கள். சுயம்பு கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கபடி கபடி என்று தேர்த்திருவிழா பார்க்கப் போகிறவன் மாதிரி உள்ளே போனான். அந்த நிமிஷமே அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. பல் கிட்டியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, திடீரென்று அவளுடைய இடது கணுக்காலில் மட்டும் ஐஸ் வைத்த மாதிரி ஒரு குளிர். அவளுக்கு அது என்னவென்று உடனே புரிந்தது. பிடிக்கிறவன் கண் ஒரு காலின் மேல் விழுகிறபோது அந்தக் காலுக்கு வருகிற குளிர். அவள் எத்தனையோ பேருக்குக் கொடுத்த குளிர்.

"எலே, எடது காலு!" என்று அலறினாள்.

சுயம்பு காலை இழுத்துக்கொண்டான். எதிரணியின் இடது கார்னர் வெறும் தரையைக் கட்டிப்பிடித்து விழுந்தான்.

இடைவேளையில் தம்பியைக் கூப்பிட்டாள். "ஏல, அவன் வந்ததை நீ பாக்கலயா?"

"இல்லக்கா."

"பக்கத்துலதானல வந்தான்!"

"கவனம் போவலக்கா. என்னமோ நல்லா இருந்துச்சு."

அவள் டாக்டரிடம் போனாள். "மேடம், இவன் பயத்துக்குக் கண்ணு இருக்கு மேடம். அது சும்மா நடுங்கல, பாக்குது. அதை எங்கிட்ட அனுப்பிட்டிய. இவன் இப்பம் குருடன் மாதிரிலா போறான்."

டாக்டர் நிரஞ்சனா பொறுமைசாலி. புன்னகையோடு விளக்கினார். "அது பார்வை இல்லம்மா, வெறும் இரைச்சல். அந்த இரைச்சலை எடுக்கத்தான் இந்தப் பட்டையே."

கிளாட்வின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்தது. அவர் நாற்காலியை மட்டும் இன்னும் கொஞ்சம் களத்துக்கு அருகில் நகர்த்திப் போட்டார்.

அதற்குப் பிறகு சுயம்பு தோற்கவே இல்லை. அவன் உள்ளே போவான். அக்கா வெளியே போர்வைக்குள் நடுங்குவாள். "எடது!", "வலது காலு!", "பின்னால வாரான்ல, திரும்பு!" என்று அவள் கத்துவாள். அவன் திரும்புவான். ஏழு பேர் நடுவில் அவன் உலாவுகிற அழகைப் பார்த்துப் பத்திரிகைகள் சித்தர் என்றன. மெத்தைக் கம்பெனி அவனை விளம்பரத்தில் படுக்க வைத்தது. ஓர் ஆன்மிக மாத இதழ் 'களத்தில் ஒரு தாமரை இலை' என்று அட்டைப்படம் போட்டது. அந்தத் தாமரை இலைக்காகப் பக்கத்தில் ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள் என்பதைத் தலைவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "ஏற்பாளர்களிடம் சிறிதளவு ஒலி வெளிப்படுவது இயல்பே."

ஒரு சீசன் இரண்டாவது சீசனாயிற்று. சுயம்பு பட்டையைக் களத்துக்கு வெளியேயும் கழற்றுவதில்லை. இதை வாரியம் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தாலும் விளம்பரத்தில் சேர்த்திருக்கும், அவ்வளவுதான். பிரம்மசக்தி வீட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பாள். திடீரென்று வயிற்றில் கல் விழும். ஈரக்கையோடு போனை எடுப்பாள்.

"எங்கல இருக்க?"

"பைக்ல போறேன்க்கா."

"எவ்வளவு வேகத்துல?"

"பாக்கலியே."

"எனக்கு இங்கன உசிரு போவுது, மெதுவாப் போ மூதி! முன்னால என்ன வருது?"

"லாரிக்கா."

"ஒதுங்குல!"

"ஒதுங்கிட்டேன். நீ ஏன் எப்பப் பார்த்தாலும் கத்திக்கிட்டே இருக்க?"

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "ஏல, வீட்டுலயாவது அந்தச் சவத்தக் கழட்டி வையேன். எனக்குக் கரண்டி பிடிக்க முடியல. தண்ணி மோந்தா பாதிதான் வாய்க்குப் போவுது."

"கழட்டினா பயமா இருக்குக்கா," என்றான். குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அவள் ஊற்றினாள். பாதி தட்டில் விழுந்தது.

அந்த வருஷம் இறுதி ஆட்டம் சென்னையில். வடக்கேயிருந்து வந்த ஓர் அணியோடு மோதல். அதற்கு முந்தின வாரம் வாரிய அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர், டாக்டர், கிளாட்வின், சுயம்பு. மரியாதைக்காகப் பிரம்மசக்தியையும் அழைத்து, கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். மேசையில் முந்திரிப் பக்கோடா.

"இறுதிப் போட்டியை உலகமே பார்க்கப் போகிறது," என்று தலைவர் ஆரம்பித்தார். "நேயர்களிடமிருந்து ஒரு குறை தொடர்ந்து வருகிறது. ஆட்டத்தின் நடுவே ஒரு பெண் குரல் அலறுவதால் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்க இயலவில்லை என்கிறார்கள். எனவே ஏற்பாளரின் கண்ணியத்தைக் கருதி, குளிரூட்டப்பட்ட ஒரு கண்ணாடி அறை அமைத்திருக்கிறோம். அமைதி மண்டபம் என்று பெயர். சோபா உண்டு. பூச்சாடி உண்டு. ஒலி வெளியே வராது."

பிரம்மசக்தி எழுந்தாள். எழுந்ததில் நாற்காலி ஆடியது. "ஐயா, வெளிய கேக்கலன்னா இவன் செத்துருவான்யா."

"அம்மா, உணர்ச்சிவசப்பட வேண்டாம்."

"உணர்ச்சி எனக்குள்ளதுன்னாத்தானய்யா வசப்படாம இருக்க முடியும்! நான் கத்துததுனாலதான் இவன் காலை இழுக்கான். மாஸ்டர், சொல்லுங்க. நீங்கதான நாக்காலியப் பக்கத்துல போட்டிய?"

கிளாட்வின் பக்கோடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். நாற்பது வருஷம் கோப்புகளை நிறுத்தி வைத்த கை அது. "ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இத்தனை வெற்றிகளும் வாரியத்தின் அமைதித் திட்டத்தால் வரவில்லை, இந்த அம்மையாரின் கூச்சலால் வந்தவை என்று யாராவது இங்கே சொல்ல விரும்புகிறீர்களா?"

யாரும் விரும்பவில்லை. டாக்டரின் ஆராய்ச்சிக்கு அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு கௌரவம் காத்திருந்தது. கிளாட்வின் பெயர் பயிற்சியாளர் விருதுக்குப் போயிருந்தது. முந்திரிப் பக்கோடா நன்றாகத்தான் இருந்தது.

பிரம்மசக்தி தம்பியிடம் திரும்பினாள். "நீ சொல்லுல. கண்ணாடிக்குள்ள போட்டா நீ ஆடமாட்டேன்னு சொல்லு."

"ஒண்ணும் ஆவாதுக்கா," என்றான் சுயம்பு.

"ஒனக்கு எப்படில தெரியும்? பயப்படுததுக்கு ஒங்கிட்ட என்ன இருக்கு? எல்லாம் எங்கிட்டல்லா கெடக்கு!"

"அதான் சொல்லுதேன். எனக்கு ஒண்ணும் தோணல. தோணலன்னா ஆவாதுன்னுதான அர்த்தம்?"

பயம் இல்லாதவனிடம் ஆபத்தைப் பற்றிப் பேசுவது, பசியே எடுக்காதவனிடம் சமையலைப் பற்றிப் பேசுவது மாதிரி. அவள் தன் கழுத்துப் பட்டையின் கொக்கியில் கை வைத்தாள்.

"அப்பம் நான் இருக்கல. வேற ஆளப் பாத்துக்கோங்க."

"யக்கா, விளையாடாத."

கொக்கியைக் கழற்றினாள்.

சுயம்பு ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு முகம் சுண்ணாம்பாயிற்று. ஒரு கையால் மேசையைப் பிடித்தான். மேசை மேலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கே அலறிக்கொண்டு மேசைக்கடியில் போய், அதன் காலைக் கட்டிக்கொண்டான். சின்ன வயதிலிருந்து பழகிப் பழகி எல்லோரும் பயத்தோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்கிறோம். அவனுக்கு இரண்டு வருஷமாக அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தலைவரின் செருப்பைப் பார்த்துக்கூட நடுங்கினான். "போடுக்கா, போட்டுருக்கா, யக்கா, போட்டுரு" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

அவள் குனிந்து அவனைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவள் கை ஆடாமல் இருந்தது. அந்தக் கையாலேயே பட்டையை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டாள். சுயம்பு மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, சட்டையைத் தட்டிவிட்டு, "பக்கோடா சிந்திருச்சே" என்றான்.

"ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது," என்றார் தலைவர்.

இறுதி ஆட்டத்தன்று அமைதி மண்டபம் உண்மையிலேயே அழகாக இருந்தது. சுற்றிலும் கண்ணாடி. உள்ளே நீல சோபா, பூச்சாடி, வாரியத்தின் சின்னமான வெண்புறா. கதவுக்கு வெளித் தாழ்ப்பாள். முன்பு ஒருமுறை அவள் களத்துக்குள்ளேயே ஓடிவந்துவிட்டதால் அந்த முன்னெச்சரிக்கை.

எதிரணியில் எவருக்கும் பட்டை இல்லை. அவர்கள் ஊரில் இன்னும் விஞ்ஞானம் வரவில்லை என்று நம் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களுடைய இடது கார்னர், மீசை சரியாக முளைக்காத ஒருவன், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் களத்தோரம் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிவிட்டு மறுபடி எடுத்தான். அரங்கமே சிரித்தது. தலைவர் பக்கத்திலிருந்த பிரமுகரிடம், "பாவம், முறைப்படுத்தப்படாத பதற்றம்" என்று இரக்கப்பட்டார்.

முதல் பாதியில் சுயம்பு அவ்வப்போது பிடிபட்டான். பெரிதாக ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். இடைவேளையில் கிளாட்வின் அவன் காதருகே போய், "காலைப் பாத்து வையில, இன்னைக்குச் சத்தம் வராதுல்லா" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் உண்மையை வாய்விட்டுச் சொன்னது அதுதான். "சரி மாஸ்டர்," என்றான் சுயம்பு. கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது.

இரண்டாம் பாதியின் முடிவில் அவன் ஆழமாக உள்ளே போனான். கபடி கபடி கபடி. குரல் பிசிறில்லாமல் இருந்தது. கண்ணாடிக்குள் பிரம்மசக்தியின் இடது கணுக்காலில் குளிர் ஏறியது. இதற்கு முன் இப்படி ஏறியதில்லை. முழங்கால், தொடை, முதுகுத்தண்டு என்று நேராக மேலே வந்தது. அவள் சோபாவிலிருந்து எகிறிப் போய்க் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். "எடது! எடது! எலே சுயம்பு, எடது!" பூச்சாடியைத் தூக்கி எறிந்தாள். அது உடைந்தது. கண்ணாடி உடையவில்லை. தரமான கண்ணாடி.

தொலைக்காட்சிக் கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. "அதோ பாருங்கள், தம்பியின் ஆட்டத்தைக் கண்டு உற்சாகத்தில் துள்ளுகிறார் அக்கா!" என்றார் வர்ணனையாளர். கூட்டம் எழுந்து அவளோடு சேர்ந்து கைதட்டியது.

வாளிக்காரன் அவன் கணுக்காலைப் பிடித்தான். அது பயந்தவன் பிடி. விட்டால் செத்தோம் என்று பிடிக்கிற பிடி. சுயம்பு காலை இழுக்கவும் இல்லை, உடம்பைச் சுருட்டவும் இல்லை. விழப்போகிறவன் தன்னையறியாமல் செய்கிற எதையும் செய்யவில்லை. நின்றபடியே சாய்ந்தான். மற்ற ஆறு பேரும் அவன் மேல் விழுந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து மூச்சு தீரும்வரை 'கபடி கபடி' என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

எல்லோரும் எழுந்த பிறகும் அவன் படுத்திருந்தான். வாரியத்தின் மருத்துவ உதவியாளர் ஓடிவந்தார். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. பட்டையின் விளக்கைப் பார்த்தார். பச்சை. பதற்றம் பூஜ்யம். பதற்றம் பூஜ்யமென்றால் காயம் லேசானது என்பது வாரியம் அச்சிட்டுக் கொடுத்திருந்த விதி.

"எப்படிப்பா இருக்க?"

"நல்லா இருக்கேன் சார்," என்றான் சுயம்பு. "இடுப்புக்குக் கீழ மட்டும் யாரையும் காணல."

உதவியாளர் சிரித்துவிட்டார். நல்ல நகைச்சுவை உணர்வுள்ள பையன். இரண்டு பேராகச் சேர்ந்து அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பிறகு நிமிர்த்தி நிறுத்தப் பார்த்தார்கள். கால் இரண்டும் துணி மாதிரி பின்னால் இழுபட, கையை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டச் சொன்னார்கள். அவன் காட்டினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. கண்ணாடிக்குள் பிரம்மசக்தி தரையில் கிடந்து, 'தூக்காதீங்க' என்று வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாருக்கோ தோன்றியது.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கப் பட்டையைக் கழற்ற வேண்டும் என்றார்கள். உள்ளே உலோகம் இருக்கிறது.

"அதோட எடுக்க முடியாதா?" என்று கேட்டாள் பிரம்மசக்தி. "தெரியாம இருக்கான் மேடம். தெரியாமலே இருக்கட்டும்."

"முடியாதும்மா," என்றார் கூடவே வந்திருந்த டாக்டர் நிரஞ்சனா.

கதவு மூடியது. வராந்தா பெஞ்சில் அவளை உட்கார வைத்து யாரோ கையில் டீ கொடுத்தார்கள். அவள் வாங்கினாள். டீ சிந்தவில்லை. வயிற்றில் கல் இல்லை, காலில் குளிர் இல்லை. உடம்பு அவளிடம் திரும்பி வந்து, பழைய வீட்டுக்குள் ஏறி உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது. அந்த நேரத்தில்தான் கதவுக்குப் பின்னாலிருந்து சுயம்புவின் குரல் வந்தது. அது வலிக்குக் கத்துகிற கத்தல் அல்ல. கால் எங்கே, கால் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்பவர்களையும் நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

டீ தளும்பத் தொடங்கியது. பிறகு தம்ளரே கையிலிருந்து விழுந்தது. டாக்டர் பதறிப்போய்த் தன் கையிலிருந்த, பட்டைகளின் அளவைக் காட்டும் கருவியைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"பட்டை கழட்டியாச்சேம்மா. இப்ப உங்களுக்கு அவன்கிட்டேருந்து எதுவும் வராதே."

"இது அவனுது இல்ல மேடம்."

"பின்ன?"

"என்னுது."

டாக்டர் நிரஞ்சனா மறுபடி கருவியைப் பார்த்தார். அதில் அப்படி ஒரு கணக்கு இல்லை. இரண்டு வருஷமாக அந்தப் போர்வைக்குள் இரண்டு பேருடைய பயம் இருந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். கருவியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் வெளிநாடு போய்க் கௌரவத்தை வாங்கிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டார்.

சுயம்புவை வெளியே கொண்டுவந்தபோது அவன் கட்டிலின் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். பிரம்மசக்தி பட்டையை வாங்கி, அவன் தலையை அசைக்காமல், கழுத்தில் அவளே கட்டினாள். கொக்கி விழுந்ததும் அவன் கம்பியை விட்டான்.

"யக்கா, பசிக்குது," என்றான்.

"இருல, வாங்கியாறேன்," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இன்றைக்கும் பட்டை அவன் கழுத்தில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் கபடி பார்க்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். இனி நடக்கவே முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டியதெல்லாம் அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. கிளாட்வின் மாஸ்டர் விருதை வாங்கிய கையோடு ஒருமுறை பார்க்க வந்தார். வாசலில் அவள் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஆப்பிளைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. ஆட்டம் நடந்த அன்றிரவே தலைவர் செய்தியாளர்களைக் கூப்பிட்டார். ஆட்டம் முழுவதிலும், விழுந்தபோதும், தூக்கியபோதும், சுயம்புலிங்கத்தின் பதற்ற அளவு பூஜ்யமாகவே இருந்ததை வரைபடத்தோடு விளக்கினார். உலகில் வேறெந்த வீரனும் எட்டாத சாதனை இது என்றார். அமைதி மண்டபத்துக்கு வடிவமைப்பு விருது கிடைத்தது. கை தூக்கிக் காட்டிய அந்தப் படம் பாடப்புத்தகத்தில் 'வலியிலும் அமைதி' என்ற தலைப்போடு சேர்ந்தது. வருகிற கல்வியாண்டு முதல் பொதுத்தேர்வு எழுதும் மாணவர் எல்லோருக்கும் பட்டை வழங்கப்படும் என்றும், தாய்மார்களுக்குப் பள்ளி வளாகத்திலேயே கண்ணாடி அறைகள் கட்டப்படும் என்றும் தலைவர் அறிவித்தபோது, அங்கிருந்த செய்தியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆட்டத்தில் நாம் தோற்றுப்போனோம்.